நம் காலடி நிலம் வந்த வழி

(டிசம்பர் 26 மாலை நம் சங்கக் கூடத்தில் பேசியதன் எழுத்து வடிவம். நேரம் போதாமல் அன்று விட்டுப்போன சில விவரங்களை இங்கே சேர்த்திருக்கிறேன்.)



முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் நிலவியல் படித்தவன் அல்ல. பி.காம். படித்துவிட்டு வங்கியில் எழுத்தராகச் சேர்ந்து, எழுத்தராகவே ஓய்வு பெற்றவன். பூமியைப் பற்றிப் பேச எனக்கு என்ன தகுதி என்று நீங்கள் கேட்டால், தகுதி இல்லை, ஒரு கடன் இருக்கிறது என்றுதான் சொல்வேன்.

2004 டிசம்பர் 26 ஞாயிற்றுக்கிழமை சுனாமி வந்தது. அடுத்த சில வாரங்களில் நிவாரணத் தொகைக்காகக் கடலோரக் குடும்பங்களுக்குக் கணக்குத் தொடங்கும் வேலை எனக்கு வந்தது. ஒரு நாள் ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும் ஓர் அம்மா கவுண்டருக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார். படிவத்தில் வாரிசு பெயர் எழுத வேண்டிய இடத்துக்கு வந்ததும் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். நான் காத்திருந்தேன். கொஞ்ச நேரம் கழித்து, “சார், இத்தன வருசமா சோறு போட்ட கடலு, ஏன் சார் இப்பிடிப் பண்ணுச்சு?” என்று கேட்டார்.

எனக்குப் பதில் தெரியவில்லை. “எல்லாம் இயற்கைம்மா” என்றேன். அது பதிலே இல்லை என்று அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். ஓய்வு பெற்ற பிறகு கிடைத்த நேரத்தில் அந்தக் கேள்விக்காகத்தான் படிக்கத் தொடங்கினேன். படிக்கப் படிக்க, அன்று கடல் ஏன் பொங்கியது என்ற கேள்வியும், மந்தாரக்குப்பத்தில் லிக்னைட் ஏன் கிடைக்கிறது என்ற கேள்வியும் ஒரே கணக்கின் இரண்டு பக்கங்கள் என்று தெரிந்துகொண்டேன். அதைத்தான் இன்று சொல்லப் போகிறேன்.

நம் வாசலிலிருந்தே ஆரம்பிக்கலாம். 1930-களில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் தண்ணீருக்காகத் துளை போட்டபோது கறுப்பாக ஏதோ மேலே வந்தது. அதிலிருந்து தொடங்கியதுதான் நெய்வேலி. 1956-ல் நிறுவனம் பதிவானது. 1957 மே மாதத்தில் பிரதமர் நேரு சுரங்க வெட்டைத் தொடங்கி வைத்தார். 1961-ல் லிக்னைட் கண்ணுக்குத் தெரிந்தது. 1962-ல் மின்சாரம் வந்தது. இதெல்லாம் இங்கே பள்ளிக்கூடப் பிள்ளைகளுக்கும் தெரியும்.

சுரங்கத்தின் ஓரத்தில் நின்று பார்த்தவர்கள் அந்த வெட்டுச் சுவரை நினைத்துப் பாருங்கள். மேலே செம்மண். அதற்குக் கீழே மஞ்சளும் வெள்ளையும் சிவப்புமாக மணற்பாறை, களிமண். அவ்வளவையும் அள்ளிப் போட்ட பிறகு, 50 மீட்டரிலிருந்து 100 மீட்டர் வரை ஆழத்தில் பழுப்பும் கறுப்புமாக லிக்னைட். ஒரு டன் லிக்னைட் எடுக்க ஐந்து கன மீட்டருக்கு மேல் மண்ணை அகற்ற வேண்டியிருக்கிறது. லிக்னைட் என்பது ஒரு காலத்தில் இங்கே நின்ற காடு. அப்படியானால் மேலே நின்ற காடு 100 மீட்டர் கீழே எப்படிப் போனது? அதன் மேல் இவ்வளவு மண் எங்கிருந்து வந்தது?

இதற்கு விடை வேண்டுமென்றால் பூமி எப்படிக் கட்டப்பட்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். நாம் நிற்கும் தரை ஒரே துண்டு அல்ல. பூமியின் மேல்பகுதி பெரிதும் சிறிதுமான தட்டுகளாக உடைந்து கிடக்கிறது. இவற்றைப் புவித்தட்டுகள் என்கிறோம். பெரியவை ஏழெட்டு, சிறியவை பல. ஒவ்வொரு தட்டும் சுமார் 100 கிலோமீட்டர் தடிமன். அதற்குக் கீழே இருக்கும் பாறை கடும் சூட்டில் இருக்கிறது. அது தண்ணீர் மாதிரி உருகிக் கிடக்கவில்லை, திடப்பொருள்தான். ஆனால் இறுகிய பாகு மாதிரி மிக மிக மெதுவாக நகரும். தட்டுகள் அதன் மேல் நகர்கின்றன.

எவ்வளவு வேகம்? இந்தியத் தட்டு ஆண்டுக்கு ஏறத்தாழ 5 சென்டிமீட்டர் வடகிழக்காகப் போகிறது. நம் விரல் நகம் வளரும் வேகத்தைவிடக் கொஞ்சம் அதிகம். எனக்கு இப்போது 66 வயது. நான் பிறந்ததிலிருந்து இந்த ஊர் 330 சென்டிமீட்டர், அதாவது கிட்டத்தட்ட 11 அடி நகர்ந்திருக்கிறது. நம் குடியிருப்பில் ஒரு படுக்கையறையின் அகலம். நாமும் வீடும் கோயிலும் சுரங்கமும் எல்லாம் ஒன்றாகவே நகர்வதால் நமக்குத் தெரிவதில்லை.

தட்டுகள் ஏன் நகர்கின்றன? கொடியில் ஈரப் புடவையைப் போடும்போது ஒரு பக்கம் அதிகமாகத் தொங்கிவிட்டால், அந்தக் கனமே முழுப் புடவையையும் இழுத்துக்கொண்டு கீழே வந்துவிடும். கடலடித் தட்டும் அப்படித்தான். வயதாக ஆகக் குளிர்ந்து கனக்கிறது. அதன் ஓரம் பக்கத்துத் தட்டுக்கு அடியில் புகுந்து அமிழும்போது மீதியையும் இழுத்துக்கொண்டு போகிறது. முக்கியமான காரணம் இதுதான் என்கிறார்கள்.

இதைக் கண்டுபிடித்த கதை எனக்குப் பிடித்தமானது. 1912-ல் ஆல்ஃபிரட் வெகனர் என்ற ஜெர்மானியர் கண்டங்கள் நகர்கின்றன என்று சொன்னார். அவரும் நிலவியல் அறிஞர் அல்ல, வானிலை ஆராய்ச்சியாளர். தென் அமெரிக்காவின் கரையும் ஆப்பிரிக்காவின் கரையும் உடைந்த ஓட்டுத் துண்டுகள் மாதிரி பொருந்துகின்றன, கடலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஒரே மாதிரிப் பாறை, ஒரே செடியின் படிவம் கிடைக்கிறது என்று காட்டினார். ஆனால் எந்த விசை நகர்த்துகிறது என்று அவரால் சொல்ல முடியவில்லை. பெரும்பாலான அறிஞர்கள் ஏற்கவில்லை. 1930-ல் கிரீன்லாந்துப் பனியில் ஆராய்ச்சிப் பயணத்தில் இறந்துபோனார்.

முப்பது ஆண்டு கழித்துக் கடலடியில் சாட்சி கிடைத்தது. பெருங்கடல்களின் நடுவே நீண்ட மலைத்தொடர்கள் இருக்கின்றன. அங்கே பிளவு வழியாகப் பாறைக்குழம்பு வந்து, குளிர்ந்து, புதிய கடல் தரையாகி, இரண்டு பக்கமும் விலகிப் போகிறது. குளிரும்போது பாறையிலுள்ள இரும்புத் துகள்கள் அப்போதைய பூமியின் காந்தத் திசையைப் பதிந்துகொள்கின்றன. பூமியின் வடக்கு தெற்குக் காந்த முனைகள் அவ்வப்போது இடம் மாறுகின்றன. அதனால் கடலடியில் மாறி மாறிப் பட்டைகள் விழுந்திருக்கின்றன, நடு மலையின் இரண்டு பக்கமும் ஒரே வரிசையில். 1963-ல் வைன், மேத்யூஸ் என்ற இருவர் இதன் பொருளை விளக்கினார்கள்.

வங்கியில் இருந்தவனுக்கு இது சட்டென்று புரியும். ஒவ்வொரு பட்டையும் தேதி போட்ட ஒரு பதிவு. நடுக்கடலில் புதிய தரை வரவு. ஓரத்தில் பழைய தரை பக்கத்துத் தட்டுக்கு அடியில் போவது செலவு. பூமியின் மொத்த அளவு மாறுவதில்லை என்பதால் வரவும் செலவும் சரியாக இருந்தாக வேண்டும். கண்டங்களில் 200 கோடி, 300 கோடி ஆண்டுப் பாறைகள் உண்டு. ஆனால் பெருங்கடல்களின் தரையில் 20 கோடி ஆண்டுக்கு மேற்பட்டது அநேகமாக இல்லை. பழையதெல்லாம் உள்ளே போய்விட்டது.

இனி நம் ஊர்க் கதை. 20 கோடி ஆண்டுகளுக்கு முன் இங்கே வங்காள விரிகுடா கிடையாது. இந்தியா, இலங்கை, மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, ஆஸ்திரேலியா, அண்டார்க்டிகா எல்லாம் சேர்ந்து கோண்டுவானா என்ற ஒரே பெருநிலமாக இருந்தன. மத்திய இந்தியாவின் கோண்டு மக்கள் வாழும் பகுதியின் பெயரைத்தான் அதற்கு வைத்திருக்கிறார்கள். இன்று கடலூரில் நின்றால் கடல் தெரிகிற திசையில் அன்று அண்டார்க்டிகா ஒட்டிக்கொண்டிருந்தது.

பிறகு பாகப் பிரிவினை. சுமார் 13 கோடி ஆண்டுகளுக்கு முன் இந்தியாவும் அண்டார்க்டிகாவும் விலகின. ஒரு நிலத்தை இரண்டு பக்கமும் இழுத்தால் நடுப்பகுதி மெலிந்து, நீள நீளமாகப் பிளந்து, சில துண்டுகள் கீழே இறங்கும். சில துண்டுகள் மேடாக நிற்கும். அப்படி இறங்கிய பள்ளம்தான் காவிரிப் படுகை. ஆறு ஓடுகிற டெல்டா மட்டும் அல்ல, புதுச்சேரிக்கு வடக்கிலிருந்து ராமநாதபுரம் பக்கம் வரையிலும், கடலுக்கு அடியிலும் போகிற பெரிய பள்ளம் அது. அதில் அரியலூர் புதுச்சேரித் தாழ்வு என்று ஒரு பகுதி. நாம் உட்கார்ந்திருப்பது அதற்கு மேலேதான். மேற்கே கள்ளக்குறிச்சி பக்கம் போனால் மலையும் கரும்பாறையும் மேலேயே தெரியும். அதே பழைய பாறை இங்கே ஆழத்தில் கிடக்கிறது. படுகையின் ஆழமான இடங்களில் 5 கிலோமீட்டர் தடிமனுக்கு மேல் வண்டல் படிந்திருக்கிறது. நரிமணத்தில் எண்ணெய் எடுப்பதும் இதே படுகையில்தான்.

இலங்கையும் நம்மை விட்டுப் போகப் பார்த்தது. ஆனால் நடுவில் விழுந்த பிளவு முழுதாகப் பிரியாமல் பாதியில் நின்றுவிட்டது. அதனால்தான் இலங்கை இன்றும் நம்மோடு அதே தட்டில் சேர்ந்து நகர்கிறது.

பள்ளம் விழுந்ததும் கடல் உள்ளே வந்தது. அரியலூரில் சிமெண்டுக்கு வெட்டுகிற சுண்ணாம்புக்கல், அந்தக் கடலில் படிந்தது. அங்கே சுருள் சுருளான அம்மோனைட் ஓடுகளும் கிளிஞ்சல்களும் கிடைக்கின்றன. ஆங்கிலேயர் காலத்திலேயே பிளான்ஃபோர்டு அந்தப் பகுதியை அளந்து வரைந்தார், ஸ்டோலிச்கா அந்த உயிர்ப்படிவங்களை விவரித்து எழுதினார். வாரணவாசியில் அரசு அருங்காட்சியகமே இருக்கிறது. பிள்ளைகளை ஒரு நாள் அழைத்துப் போங்கள். அதிக தூரம் இல்லை.

பிறகு கடல் விலகியது. கரையோரம் சேறும் சதுப்பும் அடர்ந்த காடும் வந்தன. மரங்கள் விழுந்து, தண்ணீருக்குள் மக்காமல் சேர்ந்தன. இங்கேதான் நிலத்தின் நகர்வு முக்கியம். தரை அப்படியே இருந்திருந்தால் கொஞ்சம் தழை சேர்ந்து, மேலே வந்து, காற்றில் மக்கிப் போயிருக்கும். ஆனால் பிளந்து மெலிந்த தட்டு சூடு தணியத் தணிய, மெதுவாக இறங்கிக்கொண்டே இருந்தது. இறங்க இறங்க மேலே புதுக் காடு வளர, கீழே பழைய காடு அமுங்கியது. அதன் மேல் ஆறுகள் மேற்கிலிருந்து மணலையும் களிமண்ணையும் கொண்டுவந்து கொட்டின. அந்தப் பாரத்தில் காடு லிக்னைட் ஆனது. சுரங்கச் சுவரில் நாம் பார்க்கிறது இந்த வரிசைதான். லிக்னைட்டின் வயதைச் சிலர் 2 கோடி ஆண்டுக்குள் வைக்கிறார்கள். மகரந்தத் துகள்களை ஆராய்ந்த சிலர் 4, 5 கோடி ஆண்டு வரை பின்னே கொண்டுபோகிறார்கள்.

அதே கடலூர் மணற்பாறையில், விழுப்புரம் மாவட்டம் திருவக்கரையில் கல்லாகிப் போன மரங்கள் கிடக்கின்றன. இந்திய நிலவியல் துறை அவற்றைப் பாதுகாக்கிறது. வக்கிரகாளியம்மன் கோயிலுக்குப் போகிறவர்கள் அதையும் பார்த்துவிட்டு வரலாம். பண்ருட்டிப் பலாவும் நம் பக்கத்து முந்திரியும் வளர்கிற செம்மண்ணும் இந்த மணற்பாறையிலிருந்து வந்ததுதான்.

தண்ணீரும் இதே கதை. அடுக்குகள் கடலை நோக்கிச் சாய்ந்திருக்கின்றன. மேற்கிலும் வடக்கிலும் மேட்டு நிலத்தில் பெய்யும் மழை மணற்பாறைக்குள் இறங்கி, களிமண் அடுக்குகளுக்கு நடுவே மாட்டிக்கொண்டு இங்கே லிக்னைட்டுக்கு அடியில் வரும்போது பெரும் அழுத்தத்தோடு இருக்கிறது. சதுர சென்டிமீட்டருக்கு 6 முதல் 8 கிலோ. அதனால்தான் ஒரு காலத்தில் இந்தச் சுற்றுவட்டாரத்தில் துளை போட்டால் மோட்டார் இல்லாமலே தண்ணீர் பொங்கியது. சுரங்கத்தின் அடித்தரை உடையாமல் இருக்க அந்த நீரை இரவு பகலாக இறைத்துக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது. அந்த அழுத்தத்துக்குக் காரணம் நிலம் இறங்கிய விதம்.

இங்கே காடு அமுங்கிக்கொண்டிருந்த காலத்தில் இந்தியா மொத்தமாக வடக்கே போய்க்கொண்டிருந்தது. 9 கோடி ஆண்டுகளுக்கு முன், கொஞ்சம் முன்பின்னாக, மடகாஸ்கர் பிரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை, அப்படிப் பிரிந்த விளிம்பு மேடாக நின்றதன் எச்சம் என்பார்கள். காவிரி அரபிக் கடலுக்குப் பக்கத்தில் பிறந்தும் அந்தப் பக்கம் விழாமல், நாடு முழுவதும் கடந்து நம் பக்கம் வருவது அந்த மேட்டினால்தான். அதற்குப் பிறகு ஒரு காலத்தில் இந்தியா ஆண்டுக்கு 15 சென்டிமீட்டருக்கு மேல் ஓடியது. சுமார் 5 கோடி ஆண்டுகளுக்கு முன் ஆசியாவில் மோதியது. நடுவிலிருந்த கடல் மறைந்தது, அதன் அடியில் கிடந்தவை மடிந்து இமயமாயின. எவரெஸ்டின் உச்சியில் இருப்பது கடலில் படிந்த சுண்ணாம்புக்கல். மோதல் இன்னும் நிற்கவில்லை.

இந்த இடத்தில் கேள்வி வரும் என்று எனக்குத் தெரியும். போன தடவை படிக்கட்டில் இதைப் பேசிக்கொண்டிருந்தபோதே ஒரு நண்பர் கேட்டார்: “அப்போ லெமூரியா, குமரிக் கண்டம்?” நானும் சின்ன வயதில் அதைக் கேட்டு வளர்ந்தவன்தான். லெமூரியா என்ற பெயரை 1864-ல் வைத்தவர் ஃபிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியல் அறிஞர். லெமூர் என்ற குரங்கு இனத்தின் உறவுகள் மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் இருப்பதற்கு, நடுவில் ஒரு நிலம் மூழ்கியிருக்க வேண்டும் என்று ஊகித்தார். கண்டங்களே நகரும் என்று அன்று யாருக்கும் தெரியாது. இன்று இந்தியப் பெருங்கடலின் தரையைப் படித்துவிட்டார்கள். மூழ்கிய பெரிய கண்டம் அங்கே இல்லை. நிலம் மூழ்கவில்லை, விலகிப் போயிருக்கிறது. ஆனால் கடல் கொண்ட கதை முழுக்கப் பொய் என்றும் நான் சொல்ல மாட்டேன். 20,000 ஆண்டுகளுக்கு முன் பனிக்காலத்தில் கடல் மட்டம் இன்றைக்கு இருப்பதைவிட 120 மீட்டர் அளவுக்குத் தாழ்ந்திருந்தது. ஆழமில்லாத பாக் நீரிணை அப்போது தரை. நம் கரை இன்னும் வெளியே இருந்தது. பனி உருகியதும் அந்த நிலம் கடலுக்குள் போனது. நம் மொழியின் பெருமைக்கு இல்லாத ஒரு கண்டம் தேவையில்லை என்பது என் கருத்து. மாறுபட்டுப் பேச நினைப்பவர்கள் கூட்டம் முடிந்ததும் வாருங்கள், டீ குடித்துக்கொண்டே பேசலாம்.

இனி அந்த அம்மாவின் கேள்வி.

இந்தியத் தட்டின் ஓரம் அந்தமான், நிக்கோபார், சுமத்திராவை ஒட்டி ஓடுகிறது. அங்கே நம் தட்டு பக்கத்துத் தட்டுக்கு அடியில் புகுகிறது. இந்தியாவில் இன்றும் உயிரோடு இருக்கும் ஒரே எரிமலையான பேரன் தீவு அந்தமானில் இருப்பதும் இதனால்தான். புகுகிற இடம் எண்ணெய் விட்டது மாதிரி வழுக்கிக்கொண்டு போவதில்லை. உராய்வில் பூட்டிக்கொள்கிறது. ஆனால் பின்னாலிருந்து வரும் நகர்வு நிற்பதில்லை. அதனால் மேல்தட்டின் ஓரம் வில் மாதிரி வளைந்து, ஆண்டுக்கு ஆண்டு விசை சேர்கிறது. கட்டாத வட்டி அசலோடு சேர்வது மாதிரி. ஒரு நாள் பூட்டு விடுகிறது.

2004 டிசம்பர் 26 காலை 6 மணி 29 நிமிடத்துக்கு விட்டது. அளவு 9.1. சுமத்திராவிலிருந்து அந்தமான் வரை சுமார் 1,300 கிலோமீட்டர் நீளத்துக்குப் பிளவு ஓடியது. கன்னியாகுமரியிலிருந்து சென்னைக்குப் போகும் தூரத்தைப் போலக் கிட்டத்தட்ட இரு மடங்கு. வளைந்திருந்த ஓரம் நிமிர்ந்தபோது கடல் தரை சில மீட்டர் தூக்கியது. தரைக்கு மேலிருந்த தண்ணீர் முழுவதும் தூக்கியது. கிரேட் நிக்கோபாரின் தென்முனை, இந்திராமுனைக் கலங்கரை விளக்கு நிற்கும் இடம், 4 மீட்டருக்கு மேல் இறங்கியது. வட அந்தமானில் பவளப் பாறைகள் தண்ணீருக்கு மேலே வந்தன. பூமியின் முகம் மாற எப்போதும் கோடி ஆண்டு வேண்டியதில்லை, சில நிமிடமும் போதும்.

பிளவு தெற்கு வடக்காக ஓடியதால் அலைகள் பெருமளவில் கிழக்கும் மேற்குமாகப் போயின. மேற்கே நேராக நாமும் இலங்கையும் இருந்தோம். வடக்கே இருந்த வங்கதேசத்துக்கு அவ்வளவு பாதிப்பு இல்லை. ஆழ்கடலில் அலை மணிக்கு 700 கிலோமீட்டருக்கு மேல் ஓடியது. உயரம் ஒரு மீட்டருக்குள்தான், மீன் பிடித்துக்கொண்டிருந்த படகுக்காரருக்குக் கூடத் தெரிந்திருக்காது. கரையோரம் ஆழம் குறையக் குறைய வேகம் குறைந்து உயரம் எழும்பியது. தேவனாம்பட்டினத்தை அடைந்தபோது எட்டரை மணியைத் தாண்டியிருந்தது. நாகப்பட்டினம் மாவட்டத்தில் 6,000 பேருக்கு மேல், நம் கடலூர் மாவட்டத்தில் 600 பேருக்கு மேல் போய்விட்டார்கள்.

இரண்டு மணி நேரம் இருந்தது. அதை நினைக்கும்போதுதான் மனசு ஆறவில்லை. நிலம் ஆடியது உலகமெங்கும் கருவிகளில் பதிந்துவிட்டது. கடற்கரையில் இருந்தவர்களுக்குச் சொல்ல ஏற்பாடு இல்லை. பல இடங்களில் இரண்டு அலைகளுக்கு நடுவே கடல் உள்வாங்கியபோது, அது என்ன என்று தெரியாமல் பார்க்கப் போனவர்கள் உண்டு.

இன்னொரு தீவைப் பற்றிச் சொல்கிறேன். சுமத்திராவுக்குப் பக்கத்தில் சிமுலுவே. நிலநடுக்கம் தொடங்கிய இடத்துக்கு மிக அருகே. அங்கே 1907-ல் ஒரு சுனாமி வந்து ஏராளமானோர் இறந்தார்கள். தப்பியவர்கள் அதற்கு ‘ஸ்மாங்’ என்று பெயர் வைத்து, பேரன் பேத்திகளுக்குக் கதையாகச் சொன்னார்கள்: நிலம் பலமாக ஆடினால், கடல் பின்வாங்கினால், எதையும் எடுக்காதே, மேட்டுக்கு ஓடு. 2004-ல் அந்தத் தீவில் 78,000 பேர் அளவில் இருந்தார்கள். நிலம் ஆடியதும் ஓடினார்கள். இறந்தவர்கள் 7 பேர். கருவி இல்லை, சைரன் இல்லை. பாட்டி சொன்ன கதை மட்டும்.

நம் கரையில் அப்படி ஒரு கதை இல்லை. 1881-ல் கார் நிக்கோபாருக்குப் பக்கத்தில் நிலம் அதிர்ந்து நாகப்பட்டினம் வரை அலை வந்தது கருவியில் பதிவாகியிருக்கிறது. ஒரு மீட்டருக்குச் சற்று மேல். ஊர் நினைவில் நிற்கிற அளவுக்கு அது பெரிதாக இல்லை. ஆகவே, அந்த அம்மாவுக்கு இன்று நான் சொல்லக்கூடிய பதில் இது: “கடல் உங்களுக்கு எதிராக எதுவும் பண்ணலைம்மா. 1,500 கிலோமீட்டருக்கு அப்பால் நிலத்தின் ஓரம் நிமிர்ந்தது. தண்ணீர் அதைச் சுமந்துகொண்டு வந்தது. அதை முன்கூட்டிச் சொல்ல இரண்டு மணி நேரம் இருந்தும் யாரும் சொல்லவில்லை. அந்தத் தப்பு கடலுடையது இல்லை.”

அதற்குப் பிறகு ஏற்பாடு வந்தது. 2007-ல் ஹைதராபாத்தில் சுனாமி எச்சரிக்கை மையம் தொடங்கியது. 2012 ஏப்ரல் 11 மதியம் சுமத்திராவுக்கு மேற்கே 8.6 அளவில் நிலநடுக்கம் வந்தது. சென்னையில் கட்டடங்கள் ஆடி, மக்கள் தெருவுக்கு வந்தார்கள். எச்சரிக்கை உடனே வந்து, மாலையில் விலக்கப்பட்டது. அன்று தட்டு மேலே தூக்காமல் பக்கவாட்டில் நழுவியதால் தண்ணீர் பெரிதாக எழும்பவில்லை. வீணாக ஓடினோமே என்று சிலர் சலித்துக்கொண்டார்கள். வீணாக ஓடுவது நல்லது. ஓடாமல் இருந்து சரியாகப் போவதைவிட அது மேல்.

கடைசியாக நம் வீட்டு விஷயம். மந்தாரக்குப்பம் தட்டின் ஓரத்தில் இல்லை, நடுவில் இருக்கிறது. சுமத்திரா மாதிரி இங்கே ஆகாது. ஆனால் நடுவில் இருப்பவர்களுக்கு ஒன்றுமே வராது என்று இல்லை. வடக்கே இமயத்தில் மோதுகிற அழுத்தம் தட்டு முழுதும் பரவுகிறது. பழைய பிளவுகள் எங்கேயாவது கொஞ்சம் நழுவும். 2001 செப்டம்பர் 25 இரவு எட்டரை மணி வாக்கில் புதுச்சேரிக்குக் கிழக்கே கடலில் 5.5 அளவில் ஒன்று வந்தது நம்மில் பலருக்கு நினைவிருக்கும். பாத்திரங்கள் ஆடின, தெருவில் நின்றோம். அடுத்த ஆண்டு வந்த வரைபடத்தில் சென்னையை இரண்டாம் மண்டலத்திலிருந்து மூன்றுக்கு உயர்த்தினார்கள். 1993-ல் லாத்தூரில் ஆயிரக்கணக்கானோர் இறந்தார்கள். அது அப்போது மிகக் குறைந்த ஆபத்து மண்டலம். கல்லும் மண்ணுமாகக் கட்டிய கனமான வீடுகள் தூங்கியவர்கள் மேல் விழுந்தன.

2001 ஜனவரி 26 பூஜ் நிலநடுக்கத்தின் பாடம் நமக்கு இன்னும் நெருக்கமானது. மையத்திலிருந்து 200 கிலோமீட்டருக்கு மேல் தள்ளியிருந்த அகமதாபாத்தில் அடுக்குமாடிகள் விழுந்தன. அவற்றில் பல, கீழ்த்தளத்தில் சுவர் இல்லாமல் கார் நிறுத்தத் தூண்கள் மட்டும் விட்டவை. மேலே கனம், கீழே மெலிந்த கால். நாமும் அடுக்குமாடியில்தான் இருக்கிறோம். எனவே சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். கீழ்த்தளத்திலோ வீட்டுக்குள்ளோ தூணிலும் உத்திரத்திலும் கை வைக்கிற எந்த வேலையும், கட்டடப் பொறியாளர் எழுதிக் கொடுக்காமல் நடக்கக் கூடாது. மொட்டை மாடியில் புதுத் தொட்டி வைப்பதும் அப்படியே. பால்கனிக் கைப்பிடிச் சுவரில் பூந்தொட்டி வேண்டாம், கீழே குழந்தைகள் விளையாடுகிறார்கள்.

பிள்ளைகளே, நீங்கள் மூன்று விஷயம் மனப்பாடம் செய்யுங்கள். வீடு ஆடினால் ஓடாதே, உறுதியான மேசைக்கு அடியில் புகுந்து தலையை மூடிக்கொள், லிஃப்டில் ஏறாதே. ஆட்டம் நின்ற பிறகு கேஸை மூடச் சொல்லி, படிக்கட்டில் இறங்கித் திடலுக்கு வா. கடலூர் சில்வர் பீச்சில் இருக்கும்போது நிலம் வெகு நேரம் ஆடினால், அல்லது கடல் திடீரென உள்வாங்கினால், செருப்பைக் கூடத் தேடாதே, கடலுக்கு முதுகைக் காட்டி ஓடு. இதை உன் பிள்ளைகளுக்கும் சொல். சிமுலுவேக்காரர்கள் மாதிரி நமக்கும் ஒரு கதை இருக்கட்டும்.

நம் குடியிருப்பில் சுரங்கத்துக்காகச் சொந்த ஊரை விட்டுக் கொடுத்து வந்த குடும்பங்கள் இருக்கின்றன. நிலம் நிலையானது என்ற நம்பிக்கை உடைவது என்ன என்று அவர்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. 1962-ல் ஓடத் தொடங்கிய முதல் அனல் மின் நிலையம் 2020-ல் நின்றது. 58 ஆண்டு. கோடி ஆண்டுகளில் நிலம் இறங்கி இறங்கிச் சேமித்துக் கொடுத்ததை நாம் ஓர் ஆள் வேலைக்குச் சேர்ந்து ஓய்வு பெறும் காலத்துக்குள் கணிசமாகச் செலவழித்திருக்கிறோம். அதில்தான் நம் பிள்ளைகள் படித்தார்கள், நம் சம்பளமும் பென்ஷனும் வந்தன. குறை சொல்லவில்லை. இந்தக் கணக்கில் மீண்டும் வரவு வைக்க நம்மால் முடியாது என்பதை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வோம்.

சுனாமியில் போனவர்களுக்காக ஒரு நிமிடம் எழுந்து நிற்போம்.